தாது வருடப் பஞ்சமும் சோம்பேறிப் பட்டமும்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்றனர். அதைப்பற்றி எழுதுவோர் மழை பொய்த்த கதையோடு நிறுத்திவிடுவது வழக்கம். உதவி கேட்டு வந்தவனை ஆட்சியாளர் எந்தக் கண்கொண்டு நோக்கினர் என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டில் ஏழையர் சட்டம் திருத்தப்பட்டது. உதவி பெறுவோனுடைய நிலை, வெளியே உழைத்துப் பிழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் நிலையினும் தாழ்ந்ததாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. இன்றேல் எவனும் உழைக்கமாட்டான் என்று அஞ்சினர். அந்த அச்சம் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது.

சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார் 1874இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து மக்களைக் காத்தவர். அதற்கு அவர் பெற்ற பரிசு, வீண்செலவுக்காரர் என்னும் வசை! 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் பிரபு அவரைச் சென்னை ராஜதானிக்கு அனுப்பியபோது அவர் வேறு மனிதராக வந்தார். நிவாரண வேலைக்கு வந்திருப்போரில் பலர் உண்மையில் வறியவரல்லர் என்றார். பலரை நீக்குவித்தார். நாள் முழுதும் மண் வெட்டும் ஆண்மகனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். ஒரு ராத்தலை உண்டு தாமே ஒரு நாள் மண் சுமந்து பார்த்திருப்பாராயின் கணக்கு மாறியிருக்கும்! சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று ஓயாது வாதாடினார். அவ்வாண்டு மே மாதத்தில் சென்னை சர்க்கார் அந்தக் கூலியைக் கைவிட்டது. அதற்குள் மாண்டவர் மாண்டனர்.

பின்னர்ச் சென்னைக்கு நேரில் வந்து பார்த்த லிட்டன், முகாம்களில் இருப்போர் யாதொரு வேலையுமின்றிக் கொழுத்து உல்லாசமாய் இருப்பதாகக் கடிதமொன்றில் எழுதினார்.

அங்கே இருந்தவர் யாவர்? வயல் காய்ந்ததால் கூலி இழந்த நிலமற்ற உழவர். துணி வாங்குவாரின்றித் தறி நின்றுபோன நெசவாளர். ரயிலில் தானியம் வந்திறங்கியது. ஏறிய விலைக்கு வாங்க அவர்களிடம் காசில்லை. வேலை கொடுத்த இடத்தில் அவர்கள் வேலை செய்தனர். சென்னை நகரை ஊடறுத்துச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அக்காலத்துப் பஞ்சக்கூலிகள் வெட்டியதே. பல்லாயிரவர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்தனர். அவ்வழியில் மடிந்தோரும் உண்டு. இலவசக் கஞ்சியில் சுகங்கண்ட கூட்டமாயின் இவ்வாறு உயிரைப் பணயம் வைத்துக் கூலிக்குப் போயிருக்குமா? தோட்டத்து மக்களின் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்பவன் என்ற முறையில், இக்கேள்வியை எளிதில் தாண்டிப்போக என்னால் இயலவில்லை.

1880இல் பஞ்சக் கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மாண்டோர் ஐம்பது லட்சத்திற்கு மேல் என்று மதிப்பிட்டது. பஞ்சத்தில் முதலில் அழிவது வேலையும் கூலியுமே என்றும் ஒப்புக்கொண்டது. ஆயினும், பஞ்ச காலத்தில் உதவி பெறுவது ஏழையின் உரிமை என்று ஏற்றுக்கொண்டால், எக்காலத்திலும் அது தம் உரிமையே என்று ஏழைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற கவலையையும் அதே அறிக்கையில் எழுதி வைத்தது.