இன்ஜெக்டரின் ஸ்தானம்

மோட்டார் காரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் குதிரைசக்தியைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். காற்றும் பெட்ரோலும் எந்த இடத்தில் சந்திக்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும் ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். ஆயினும், பழைய எஞ்சினுக்கென்று அலுமினியக் குழாய்களைத் தானே வெட்டி, வெல்டிங் செய்து, இன்டேக் மேனிஃபோல்ட் ஒன்றை உருவாக்க முற்படுகிறவனுக்கு முதலில் எதிர்ப்படுவது அந்தக் கேள்விதான். எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர் வால்வுக்கு அருகில் இருக்க வேண்டுமா, குழாயின் மேல்வாயில் இருக்க வேண்டுமா, அல்லது சிலிண்டருக்குள்ளேயே நுழைந்துவிட வேண்டுமா? மூன்று விடைகளுக்கும் ஒவ்வொரு காலம் வாய்த்தது; மூன்றும் தத்தம் காலத்தில் வெற்றி கண்டன.

அமெரிக்காவில் எரிபொருளைப் பீச்சும் முறைக்கு வழிகாட்டியவர்களில் ஸ்டூவர்ட் ஹில்பார்ன் பிரதானமானவர். கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டு வி-8 எஞ்சின்களை வைத்து வேகப் பரீட்சை செய்துவந்த இளைஞர் கூட்டத்தில் அவரும் ஒருவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், கார்புரேட்டர்களை அறவே நீக்கிவிட்டு, எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்கும் ஒரு பம்பு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய், தனி த்ராட்டில், தனி நாஸில் என்று ஓர் அமைப்பைத் தாமே வகுத்தார். 1948-இல் எல் மிராஜ் ஏரிப்படுகையில் அவருடைய கார் மணிக்கு 150 மைலைத் தாண்டியது. அந்த நாஸில்களுக்கு வால்வு திறக்கும் நேரம், மூடும் நேரம் என்ற பேதமே கிடையாது; இடைவிடாமல் பீச்சிக்கொண்டேயிருக்கும்; மிகுந்த எரிபொருள் ஒரு சிறு துவாரத்தின் வழியே டாங்கிக்குத் திரும்பிவிடும். இந்தியானாபோலிஸ் பந்தயக் கார்களில் எரிந்த மெதனாலோ பெட்ரோலைப்போல் இரு மடங்குக்கு மேல் செலவாகும் திரவம். அத்தனை வெள்ளத்தையும் எட்டுச் சிலிண்டர்களுக்கோ நான்கு சிலிண்டர்களுக்கோ சமமாகப் பங்கிடுவது கார்புரேட்டருக்குக் கடினமான காரியம். ஹில்பார்னின் குழாய்களுக்கு அது எளிதாயிற்று.

ஜெர்மானியர் வேறு மார்க்கத்தில் சென்றார்கள். யுத்தகால விமான எஞ்சின்களில் எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சிப் பழகிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. 1954-இல் நியூயார்க் கண்காட்சியில் வெளிப்பட்ட மெர்சிடிஸ் 300 எஸ்எல், அந்த வித்தையைச் சாலைக்குக் கொண்டுவந்தது. மூன்று லிட்டர் எஞ்சினிலிருந்து சுமார் 215 குதிரைசக்தி பெற்றது அக்காலத்தில் பெரிய சாதனை. ஆனால் சிலிண்டருக்குள் பீச்சுவதில் ஒரு சங்கடமும் கூடவே வந்தது. இக்னிஷனை அணைத்த பின்னும் எஞ்சின் சுழன்று நிற்கும்வரை பம்பு பெட்ரோலை அனுப்பிக்கொண்டிருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் படிந்திருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். ஆகவே அந்தக் காரை வைத்திருந்தவர்கள் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டியதாயிற்று. இந்த ஒரு குறைக்காக அந்த எஞ்சினைக் குறைவாக மதிப்பிடுவது நியாயமன்று. எலெக்ட்ரானிக்ஸ் கைகொடுப்பதற்கு முன்பே அவ்வளவு தூரம் போக முடிந்ததே ஆச்சரியம்.

1957-இல் கார்வெட் காருக்கு ராச்செஸ்டர் இன்ஜெக்ஷன் வந்தபோது நாஸில்கள் சிலிண்டர் ஹெட்டை ஒட்டிய வாயில்களிலேயே அமைந்தன. பத்தாண்டு கழித்து, கலிஃபோர்னியாவின் புகைக் கட்டுப்பாட்டை உத்தேசித்து வோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் பொருத்தப்பட்டபோதும் இன்ஜெக்டர் வால்வுக்கு அருகிலேயே இடம் பிடித்தது. அதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த குழாய்ச் சுவரில் பெட்ரோல் படலமாக ஒட்டிக்கொண்டால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சினுக்கு வேண்டிய அளவு போய்ச் சேராது. காலை எடுத்தாலோ, ஒட்டியிருந்தது ஆவியாகி வேண்டாத வேளையில் உள்ளே போகும். சூடான வால்வின் பின்புறத்தில் நேராகத் தெளித்தால் படலத்துக்கு இடம் குறையும். பெட்ரோல் அந்த உஷ்ணத்திலேயே ஆவியாகும்.

இங்கேதான் பந்தயக்காரர்கள் மாறுபட்டார்கள். 1967 ஜூன் 4 அன்று ஸாண்ட்வோர்ட் பந்தயத்தில் ஓட்டுநர் ஜிம் கிளார்க்கை முதல் ஓட்டத்திலேயே வெற்றிபெறச் செய்த காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினில், லூகாஸ் இன்ஜெக்டர்கள் மேலே, காற்று நுழையும் ட்ரம்பெட்களில் அமர்ந்திருந்தன. நிமிஷத்துக்கு 9,000 சுற்றில் ஒரு பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க ஒரு விநாடியில் சுமார் முந்நூறில் ஒரு பங்கே ஆகிறது. அதற்குள் பெட்ரோல் ஆவியாக வேண்டுமென்றால் அது நெடுந்தூரம் காற்றோடு கலந்து வர வேண்டும். அப்படி ஆவியாகும்போது வால்வின் சூட்டை விட்டுக் காற்றின் சூட்டையே கவர்ந்துகொள்ளும். காற்று குளிர்ந்து செறிவாகும். செறிந்த காற்று அதிக சக்தியைத் தரும். அதே அமைப்பை நகர நெரிசலில் ஐடிலில் ஓட்டினால், வால்வு மூடியிருக்கும் நேரமே அதிகமாதலால், எரிபொருள் மூட்டமாகத் திரும்பி எழும், எஞ்சின் தடுமாறும். 2003-இல் ஹோண்டா தன் சிபிஆர்600ஆர்ஆர் மோட்டார் சைக்கிளில் கீழே ஓர் இன்ஜெக்டரும் மேலே ஒன்றுமாக வைத்து, சாதாரண ஓட்டத்துக்குக் கீழதையும் வேகத்துக்கு இரண்டையும் உபயோகித்தது. இரண்டு கட்சிக்கும் நீதி செய்த சமரசம் அது.

சிலிண்டருக்குள் நேரே பீச்சும் முறையும் கம்ப்யூட்டர் துணையோடு மீண்டும் வந்தது. அப்போது ஒரு புதிய உண்மை வெளிப்பட்டது: பெட்ரோல் கழுவாத வால்வின் முதுகில் கரி படிந்தது. 2005-இல் டொயோட்டா ஒரே எஞ்சினில் சிலிண்டருக்குள் ஒன்றும் வாயிலில் ஒன்றுமாக இருவகை இன்ஜெக்டரையும் சேர்த்துப் பொருத்தியது.

ஆகவே சொந்தமாக மேனிஃபோல்ட் செய்கிறவர்களுக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் ஓடப்போகிற வண்டிக்கு இன்ஜெக்டரை வால்வுக்கு அருகில் வையுங்கள். இன்ஜெக்டரைப் பொருத்துவதற்கான துளையிட்ட துண்டாகிய பாஸை வெல்டிங் செய்து நிலைப்படுத்துவதற்கு முன், மேனிஃபோல்டைச் சிலிண்டர் ஹெட்டில் தற்காலிகமாக முடுக்கி, பாஸின் துளை வழியே நேரான மெல்லிய கம்பி ஒன்றை விட்டுப் பாருங்கள். கம்பியின் நுனி எந்தச் சுவரிலும் முட்டாமல் வால்வின் பின்புறத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் பாஸின் கோணத்தை மாற்றி மறுபடியும் பார்த்த பிறகே வெல்டிங்கைத் தொடங்குங்கள். முழுக்கப் பந்தயத்துக்கென்றே செய்கிற எஞ்சினானால் மட்டும் மேலே போகலாம்.