ரிட்டார்ட்டின் விளிம்புச் சமன்பாடு: மைசூர் உணவுப் பவுச்சை முன்வைத்து ஓர் ஆய்வு

மைசூர் செலுவாம்பா மாளிகையில் 1950 அக்டோபரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1961இல் அதே நகரில் பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சி ஆய்வகமான டி.எஃப்.ஆர்.எல். அமைந்தது. குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாத புலாவையும் குழம்பையும் பவுச்சில் அடைத்துப் படைவீரர்களுக்கு அனுப்பியது இந்த ஆய்வகம். பிறகு அந்தத் தொழில்நுட்பம் தனியார் நிறுவனங்கள் வழியாகக் கடைகளுக்கும் வந்தது. இங்கே நாம் பார்க்கப்போவது அந்தப் பவுச்சின் வெளிப்பரப்பை மட்டும். உள்ளே உணவின் நடுப்பகுதி எப்போது, எவ்வளவு சூடேறும் என்று கணிக்க வேண்டுமானால், வெளிப்பரப்பில் நிமிடத்துக்கு நிமிடம் நடப்பதைச் சமன்பாடாக எழுதியாக வேண்டும். எல்லை நிபந்தனை, அதாவது விளிம்புச் சமன்பாடு எனப்படுவது அதுதான்.

வெப்பம் திடப்பொருளுக்குள் பரவும் விதியை 1822இல் ஃபூரியே நூலாகத் தந்துவிட்டார். ஆனால் டப்பா உணவுத் தொழிலுக்கு அது நேரடியாகக் கைகொடுக்க நூறாண்டு ஆயிற்று. 1920இல் பிகலோவும் உடன் பணியாற்றியவர்களும் டப்பாவின் நடுவில் வெப்பநிலையை அளந்து, கிருமி அழிவைப் படிப்படியாகக் கூட்டிக் கணக்கிட்டார்கள். 1923இல் ஓலின் பால் அதைச் சூத்திரமாக்கினார். நீராவியைத் திறந்ததும், உணவை வேகவைக்கும் ரிட்டார்ட் என்ற அழுத்தக்கலன் உடனே 121 டிகிரி செல்சியஸை எட்டுவதில்லை. ஏறச் சில நிமிடம் பிடிக்கும். அந்த ஏறுமுக நேரத்தில் 42 சதவீதத்தை மட்டும் முழு வெப்ப நேரமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார் பால். விளிம்பில் நடக்கும் மாற்றம் முழுவதும் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிட்டது. கையால் கணக்குப் போட்ட காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் அந்த 42 எல்லா ரிட்டார்ட்டுக்கும் எல்லா உணவுக்கும் பொருந்தாது.

கணினி வந்த பிறகே விளிம்பு தன் உண்மையான வடிவத்தைப் பெற்றது. டெய்க்ஸீராவும் அவருடைய குழுவினரும் 1969இல் டப்பாவைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணித்தார்கள். 1975இல் இன்னும் ஒரு படி மேலே போய், ரிட்டார்ட் வெப்பநிலையை ஏறி இறங்கும் விதவிதமான வளைவுகளாகக் கொடுத்து, தயமின் என்ற வைட்டமின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். வளைவை மாற்றியதில் பலன் குறைவு; கலத்தின் வடிவத்தை மாற்றியதில்தான் பலன் அதிகம் என்று தெரிந்தது. மெல்லிய தட்டைப் பவுச்சுக்கு இதைவிட நல்ல கணித நியாயம் கிடையாது என்பது என் கருத்து.

அந்தப் பவுச்சே புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. தூய நீராவியில் வேகும் தகர டப்பாவின் பரப்பு ஏறக்குறைய நீராவியின் வெப்பநிலையிலேயே இருக்கும். பவுச் அப்படியல்ல. உள்ளழுத்தத்தில் வெடிக்காமலிருக்க நீராவியோடு காற்றையும் செலுத்துகிறார்கள். காற்று கலந்தால் வெப்பம் கடக்கும் வேகம் குறைகிறது. ஆகவே பரப்பின் வெப்பநிலையைத் தந்தால் போதாது. வெப்பம் எந்த வேகத்தில் உள்ளே நுழைகிறது என்பதையும் எழுத வேண்டும்.

அதை எழுதும் வழியும் மாறிக்கொண்டே வந்தது. புனேயில் பொறியியல் படித்த சுஹாஸ் படாங்கரும் அவருடைய ஆசிரியர் ஸ்பால்டிங்கும் 1972இல் வெளியிட்ட, பாய்மமும் வெப்பமும் நகர்வதைக் கணிக்கும் முறை வணிக மென்பொருள்களுக்கு அடித்தளமானது. ஸ்பால்டிங்கின் ஃபீனிக்ஸ் என்ற மென்பொருள் 1981இல் வெளிவந்தது. அதில் தனக்கான எல்லைச் சமன்பாடு வேண்டுமென்றால் ஃபோர்ட்ரானில் துணைநிரல் எழுத வேண்டும். பின்னாளில் ஃப்ளுவென்ட்டில் சி மொழியில். நிரல் தெரியாத உணவு விஞ்ஞானி நிரலாளரை நம்பியிருந்த காலம் அது. காம்சால் போன்ற மென்பொருள்கள் வந்தபின், நேரத்தைச் சார்ந்த கோவையைப் பெட்டியில் நேராகவே தட்டச்சு செய்யலாம். இந்தக் கைமாற்றம்தான் இந்த வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம்.

ஆனால் எளிதாக எழுத முடிவது எளிதாகப் பிழை செய்யவும் இடம் தருகிறது. கெல்வின் கேட்கும் இடத்தில் 121 என்று கொடுத்தால் மென்பொருள் அதைப் பூஜ்யத்துக்குக் கீழே 152 டிகிரி செல்சியஸாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பிழை உடனே கண்ணில் படும். கண்ணில் படாதது சிறு பிழைதான். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் கிருமி அழியும் வேகம் பத்தில் ஒன்றாகிறது. அதனால் உணவு உண்மையில் 1 டிகிரி குறைவாகச் சூடேறினாலும் அழிப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 2 டிகிரி என்றால் மூன்றில் ஒன்றுக்கும் மேல். சமன்பாட்டில் உள்ள வெப்பக்கடப்பு எண் உண்மையைவிடச் சற்றே கூடியிருந்தால் போதும், திரையில் பாதுகாப்பாகத் தெரியும் பவுச் ரிட்டார்ட்டில் அப்படி இருக்காது. எனவே தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியைச் செருகி அளந்த பதிவோடு ஒப்பிட்ட பிறகே அந்தக் கோவையை ஏற்க வேண்டும். குளிர்நீர் பாயும் கட்டத்தையும் அதில் விட்டுவிடக் கூடாது. நீராவியை மூடிய பின்னும் நடுப்பகுதி சிறிது நேரம் சூடேறிக்கொண்டே இருக்கும். அதைச் சேர்க்காத கணக்கு உணவை வீணாக அதிகம் வேகவைக்கும்.