வளவும் ஊருணியும்



வீடு கட்டும் கலையைக் கற்க விரும்புவோர் முதலில் எதைக் கற்க வேண்டும்? கோடு வரையக் கற்க வேண்டும் என்பர் சிலர். கல்லும் மரமும் தாங்கும் பளுவைக் கணக்கிடக் கற்க வேண்டும் என்பர் வேறு சிலர். இரண்டும் வேண்டுவனவே. ஆயினும் அவற்றிற்கு முன்னே கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வீடு நிற்கப்போகும் நிலத்தின் இயல்பு யாது? வீட்டுக்கு வேண்டிய பொருள்களைக் கொடுத்த நிலங்கள் அதனால் என்ன ஆயின? நமக்குப் பின் வருவோர் அவ்வீட்டை எதைக் கொண்டு பேணுவர்? முதற்கேள்வி புவியியலைச் சார்ந்தது. இரண்டாவது சுற்றுச்சூழல் வரலாற்றைச் சார்ந்தது. மூன்றாவது நிலைபேற்றைச் சார்ந்தது. இம்மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லும் கட்டடங்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. அவை செட்டிநாட்டு வீடுகள்.

செட்டிநாடு என்பது காரைக்குடியை நடுவாகக் கொண்டு, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள ஊர்த் தொகுதி. நாட்டுக்கோட்டை நகரத்தார் என்னும் வணிகப் பெருமக்களின் ஊர்கள் 96 என்பது பழைய கணக்கு. இன்று எழுபதுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டில் குடியேறியவர்கள் அவர்கள் என்று மரபு கூறுகிறது. ஆனால், அவர்கள் வந்தமர்ந்த நிலம் காவிரிக்கரை போன்றதன்று. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இங்கு இல்லை. தேனாறும் மணிமுத்தாறும் மழை பெய்தால் ஓடும். மழை ஓய்ந்தால் மணற்பரப்பாகும். ஆண்டில் ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிற் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்களை ஒட்டிய வாரங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். எனவே, வரும்போது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவர் இந்நிலத்தில் வாழ இயலாது.

இதனை உணர்ந்த முன்னோர் இரு வகை நீர்நிலைகளை அமைத்தனர். ஒன்று கண்மாய், அது வயலுக்கு நீர் தருவது. மற்றொன்று ஊருணி, அது மக்கள் உண்ணும் நீர் தருவது. கண்மாய்க்கு மடையும் கலுங்கும் உண்டு. ஊருணிக்குக் கல்லாற் கட்டிய கரையும் படித்துறையும் உண்டு. நீர் வந்து சேர்வதற்கான வரத்துக்கால்கள் இரண்டிற்கும் இன்றியமையாதவை. மேட்டு நிலத்து மழைநீர் ஒரு நீர்நிலையை நிரப்பி, மிகுந்தது கலுங்கு வழியே அடுத்த நீர்நிலையைச் சென்றடையும். ஊர் என்பது வீடுகளின் கூட்டம் மட்டுமன்று. நீர் செல்லும் வழியின் ஒரு பகுதி என்பது அவர்கள் கொள்கை.

இனி ஒரு வீட்டினுள் நுழைவோம். கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ பழைய வீடு ஒன்றன் முகப்பில் நில்லுங்கள். திண்ணையைக் கடந்தால் வளவு. வளவு என்பது நடுவே வானம் பார்த்த முற்றமும், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், அதன் பின்னே வரிசையான அறைகளும் கொண்ட பகுதி. அதற்கும் பின்னே இரண்டாங்கட்டு, இறுதியில் அடுப்படி. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலும் இருக்கும். முன்வாசலில் நின்றால், வாயிலுக்கு நேர் வாயிலாகப் பின்கட்டு வரை பார்வை செல்லும். பார்வை செல்லும் வழியே காற்றும் செல்லும். பல வீடுகள் கிழக்கு மேற்காக நீண்டவை. ஆதலின், காலை மாலை வெயில் குறுகிய பக்கத்திலேயே நேராகப் படும்.

மழைநாளில் அவ்வீட்டில் இருப்பதே சிறந்த பாடம். நாற்புறக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சாய்ந்திருப்பதால், விழும் மழை விளிம்பில் உள்ள தகரத் தூம்புகளின் வழியே நான்கு மூலைகளிலும் இறங்கும். முதல் மழை கூரையின் தூசியைக் கழுவிச் செல்ல விட்டு, பின் பெய்யும் மழையை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைப்பது வழக்கம். எஞ்சிய நீர் கல் பாவிய முற்றத்தின் வடிகால் வழியே தெருவுக்கு வரும்; தெருக்கால் வழியே ஊருணியைச் சேரும். ஒரு சிறு கணக்குப் பாருங்கள். கூரையின் பரப்பு 500 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஆண்டு மழை 900 மில்லிமீட்டராயின், அக்கூரையின்மேல் விழும் நீர் 450 கன மீட்டர். அதாவது 4,50,000 லிட்டர். ஒரு வீட்டின் கூரை மட்டும் இவ்வளவு நீரை ஏந்துமானால், ஒரு தெருவின் கூரைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஊருணிக்கு எவ்வளவு துணை செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வகை அமைப்பு நமக்கு மட்டும் உரியதன்று. கி.பி. 79ஆம் ஆண்டில் எரிமலைச் சாம்பலால் மூடுண்ட இத்தாலிய நகரமாகிய பாம்பேயின் வீடுகளிலும், கூரை நடுவே திறந்து, கீழே மழைநீர் ஏந்தும் தொட்டியும் நிலத்தடி நீர்க்கிணறும் இருந்தன. இரு நாட்டாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றனர் என்று கொள்ள வேண்டுவதில்லை. வெயிலும் மழைக்குறைவும் கேட்ட ஒரே கேள்விக்கு இரு நாட்டுக் கொத்தர்களும் ஒத்த விடை கண்டனர் எனலாம்.

வீட்டின் உடலும் மண்ணை ஒட்டியதே. இங்குச் செம்மண்ணுக்கடியில் இறுகிக் கிடக்கும் சிவந்த கல்லைச் செம்புறாங்கல் என்பர். அதனையும் செங்கல்லையும் கொண்டு தடித்த சுவர் எழுப்பினர். அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தைப் பல பூச்சாகப் பூசினர். மேற்பூச்சில் கடுக்காய் நீர், வெல்லம், முட்டையின் வெண்கரு முதலியன சேர்ந்தன. பளிங்கெனத் தோன்றும் அப்பூச்சு வெயிற்காலத்தில் தொட்டால் குளிர்ந்திருக்கும். கூரையில் நாட்டு ஓடுகளைப் பல அடுக்காக வேய்ந்தனர். பிற்காலத்தில் வந்த ஆத்தங்குடித் தரைக்கல்லும் சூளையில் வைத்துச் சுடப்படுவதன்று. கண்ணாடிப் பலகையின்மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துக் காயவைப்பர். அத்தொழில் இன்றும் நடைபெறுகிறது.

இதுவரை கேட்டது புவியியற் பாடம். இத்துடன் நிறுத்திக்கொண்டால் முன்னோரைப் புகழ்ந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம். ஆனால், வளவின் தூணொன்றைத் தொட்டுப் பாருங்கள். அது பர்மாத் தேக்கு. தேக்கு செட்டிநாட்டுச் செம்மண்ணில் விளைந்ததன்று. இங்கிருந்துதான் இரண்டாம் பாடம் தொடங்குகிறது.

1852ஆம் ஆண்டில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மா அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்திலிருந்த காடுகளையும் சதுப்புகளையும் திருத்தி உழவர்கள் வயலாக்கினர். அதற்கு வேண்டிய கடனைக் கொடுத்தவர்களுள் முதன்மையானோர் நகரத்தார். அத்தொழிலில் ஈட்டிய பொருளே செட்டிநாட்டில் மாளிகைகளாக எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் 1940கள் வரை எழுந்த வீடுகளில் பர்மாத் தேக்கோடு இத்தாலியப் பளிங்கும் ஐரோப்பியக் கண்ணாடியும் இடம்பெற்றன.

தேக்குக் காடுகளின் கதையையும் அறிய வேண்டும். அவை வரைமுறையின்றி வெட்டப்பட்டமையால், 1856ஆம் ஆண்டில் டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியத் தாவரநூல் அறிஞர் பெகுப் பகுதிக் காடுகளின் மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டார். காட்டில் உள்ள மரங்களை எண்ணிக் கணக்கிட்டு, வளரும் அளவுக்கே வெட்ட வேண்டும் என்னும் முறையை அவர் வகுத்தார். இன்று நாம் பேசும் நிலைபேறு என்னும் கருத்தின் வேர் இத்தகைய காட்டுக் கணக்கிலேதான் இருக்கிறது. ஆனால், கணக்கு வகுத்தது அயலார் அரசு. காட்டில் பயிரிட்டு வாழ்ந்த மலைமக்களின் உரிமையோ அதனால் சுருங்கியது.

1930ஐ ஒட்டி உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியது. அரிசி விலை வீழ்ந்தது. பர்மிய உழவர் கடனைத் திருப்பித் தர இயலாமல் நிலத்தை இழந்தனர். அந்தப் பத்தாண்டுகளின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கடன் கொடுத்தோர் கைக்கு வந்துவிட்டது. நிலத்தை விரும்பிப் பெறவில்லை. கொடுத்த பணத்துக்கு ஈடாகவே பெற்றோம் என்பது அவர்கள் வழக்கு. நிலமிழந்த உழவனின் துயரமும் மறுக்க முடியாத உண்மை. ஒரு மாளிகையின் வரலாற்றை எழுதுபவன் இவ்விரண்டையும் எழுத வேண்டும்.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. இலட்சக்கணக்கான இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. செல்வம் வந்த வழி அடைபட்டது. பல வீடுகள் பூட்டப்பட்டன. குடும்ப விழாக்களுக்கு மட்டும் திறந்தன. சில பிரிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் விலைக்கு வந்தன.

மூன்றாம் பாடம் இங்கே பிறக்கிறது. தூம்பு ஒழுகினால் உள்ளூர்த் தொழிலாளி சரிசெய்வார். சுவர் உதிர்ந்தால் சுண்ணாம்பு கிடைக்கும். தரை தேய்ந்தால் ஆத்தங்குடி அருகிலேயே இருக்கிறது. ஆனால், தேக்குத்தூண் போனால் போனதுதான். அருகில் கிடைத்த பொருளும் அறிவும் கொண்டு செய்த பகுதியை எளியவரும் புதுப்பிக்கலாம். தொலைநாட்டுச் செல்வத்தைக் கொண்டு செய்த பகுதி, அச்செல்வம் நின்றவுடன் பேணுவாரின்றிப் போகிறது. அருகில் கிடைப்பதாயினும் அதனைப் பேணும் உள்ளம் வேண்டும். வரத்துக்கால் தூர்ந்தால் ஊருணி வறளும். ஊருணி வறண்டால் கூரையில் விழும் மழை சாக்கடையில் சேரும்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. வளவு வீட்டார் சட்டமின்றிச் செய்துவந்ததைச் சட்டத்தால் நினைவூட்ட வேண்டியதாயிற்று. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. பெருமைக்குரிய செய்திதான். எனினும், மாளிகையைக் காத்து ஊருணியை மறந்தால், பாடத்தில் பாதியைத்தான் படித்தவர்களாவோம்.

நாளை கட்டடங்களை வரையப்போகும் மாணவர்களே! இன்றே உங்கள் ஊரில் இதனைச் செய்து பாருங்கள். நீங்கள் வாழும் வீட்டின் கூரையை அளந்து, அதில் விழும் நீரைக் கணக்கிடுங்கள். அந்நீர் எங்கே செல்கிறது என்று மழை பெய்யும்போது பின்தொடர்ந்து செல்லுங்கள். சுவரும் கதவும் எந்த நிலத்திலிருந்து வந்தன, அந்நிலம் இப்போது எவ்வாறு இருக்கிறது என்று கேட்டறியுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து அவற்றைப் பழுது பார்ப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். இக்கேள்விகளுக்கு விடை எழுதிய பின்னர்த் தாளில் முதற்கோட்டை வரையுங்கள். அக்கோடு நிலத்தை அறிந்த கோடாக இருக்கும்.