பாட்டில் ஏறாத லாரி

திருப்பூரில் ஒரு பனியன் எத்தனை முறை வண்டி ஏறி இறங்குகிறது என்று பார்த்தால் ஊரின் தொழில் அமைப்பே விளங்கிவிடும். மில்லிலிருந்து நூல் கோன்கள் மூட்டையாக நிட்டிங்குக்கு வரும். பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங். கடைசியில் அட்டைப்பெட்டிகளாகித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி ஏறும். எல்லா வேலையையும் ஒரே வளாகத்தில் முடிக்கும் கம்பெனிகள் உண்டு. ஆனாலும் ஊர் வளர்ந்தது, ஒவ்வொரு வேலையையும் தனித்தனிப் பட்டறைகள் கூலிக்குச் செய்துதரும் ஜாப் ஒர்க்கால். ஜாப் ஒர்க்கை இணைத்துக் கட்டியது டெம்போவும் லாரியும் பண்டல் ஏற்றிய மொபெட்டும். கிழக்கே போனால் சங்ககிரி லாரிகள், நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் என்று கொங்கு நாடே சக்கரத்தின் மேல்தான் நிற்கிறது. அப்படியிருந்தும், லாரியைப் பற்றி எதுகை மோனையோடு பாடிப் பக்கத்துக்குப் பக்கம் படம் காட்டும் பாலர் புத்தகம் தமிழில் வழக்கமான சரக்காக ஆகவில்லை. ஆங்கிலத்தில் அதற்குக் கடையில் தனி அலமாரியே இருக்கிறது. அது நமக்கு ஒட்டாத மேல்நாட்டு வகை என்று சொல்லிவிடுவது எளிது. பழைய சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. வண்டிப் பாட்டும் நம்மிடம் இருந்தது, வண்டிப் படமும் இருந்தது. இரண்டும் ஒரே தாளில் சேரவில்லை, அவ்வளவுதான்.

பாட்டிலிருந்து தொடங்கலாம். தச்சன் செய்து தந்த சிறு வண்டியில் ஏறி ஓட்ட முடியாவிட்டாலும், கையால் இழுத்தே மகிழும் சிறுவர்களைக் குறுந்தொகையின் 61ஆம் பாட்டு உவமையாக்குகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொம்மைத்தேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியர் அணைப்பில் பால் குடித்துப் படுக்கையில் உறங்கிப்போகிறார்கள். 2011இல் அமெரிக்காவில் வெளிவந்து பெரும் விற்பனை கண்ட ‘குட்நைட், குட்நைட், கன்ஸ்ட்ரக்‌ஷன் சைட்’ என்ற பாலர் பாட்டுப் புத்தகத்தில், நாள் முழுக்க உழைத்த கிரேனும் டிப்பரும் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகின்றன. அங்கே வண்டி தூங்குகிறது, இங்கே வண்டி உருட்டியவன் தூங்குகிறான். மற்றபடி சக்கரமும் களைப்பும் உறக்கமும் அதே வரிசையில் வருகின்றன. பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் இதை விதியாகவே வகுத்துக்கொண்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசியானது சிறுதேர். அது பெரியவர்கள் பெரியவர்களுக்காகப் பாடிய இலக்கியம், குழந்தை கேட்பதற்கானதல்ல என்று யாரும் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. ஆனால் குழந்தை, சக்கரம், சந்தம் மூன்றையும் ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதில்லை என்பதை நிறுவ அது போதும்.

இருபதாம் நூற்றாண்டில் குழந்தைக்கென்றே கவிதை எழுத வந்தவர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். பாரதியின் பாப்பா பாட்டில் வண்டி வருகிறது. அதை இழுக்கும் குதிரையைப் பாராட்டுவதற்காக மட்டும் வருகிறது. கவிமணியிடம் பசுவும் கன்றும் பேர்பெற்றன. 1944இல் ‘மலரும் உள்ளம்’ தொகுப்போடு வந்த அழ. வள்ளியப்பாவுக்குப் பிறகு குழந்தைப் பாட்டு ஓர் இயக்கமாகவே ஆனது; 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கமும் உருவாயிற்று. பாடப்புத்தகங்களில் ரயிலுக்கு நல்ல இடம் கிடைத்தது. பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடினாலே ரயில் ஆகிவிடும் வசதி அதற்கு உண்டு. லாரிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. என் ஊகம் இது: ரயிலில் எல்லோரும் பயணம் போனார்கள், லாரி டிரைவரோடும் கிளீனரோடும் லோடுமேனோடும் நின்றுவிட்டது. பள்ளியில் பாடத் தகுந்த, பண்பான பொருளாக அது தோன்றியிருக்காது. இத்தனைக்கும் பூவும் மயிலும் தீட்டி, பின்பலகையில் இரண்டு வரி எழுதிக்கொண்டு சாலையில் ஓடும் லாரி, தானே ஒரு படக்கவிதை!

படத்துக்கு என்ன ஆயிற்று? வண்ண அச்சு செலவு பிடித்தது, அதனால் பாலர் புத்தகம் வரவில்லை என்பார்கள். செலவு உண்மைதான், முழுக் காரணம் அல்ல. 1920களில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய சிவகாசி, லேபிள் அச்சடிக்கப் போய் நாட்டின் பெரிய வண்ண அச்சு ஊர்களில் ஒன்றானது. காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சான தமிழ்நாட்டில் லாரிப் படம் அச்சாவதில் தடை இல்லை, அச்சாகவும் செய்தது. ஸ்டேஷனரிக் கடையில் சுருட்டி வைத்திருக்கும் ‘வாகனங்கள்’ சார்ட்டைப் பிரித்தால், கட்டத்துக்கு ஒன்றாகப் பேருந்து, லாரி, கப்பல், விமானம், அடியில் பெயர். லாரி பக்கவாட்டில் நிற்கும். ஓட்டுநர் இருக்க மாட்டார், சரக்கு இருக்காது, சாலையும் இருக்காது. பெயரைச் சொல்லிக் காட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டியதுதான். மலிவான விலையில் நல்ல வண்ணப்படப் புத்தகங்கள் தமிழில் வந்ததும் உண்டு. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக விற்ற சோவியத் நூல்கள் அவை. சோவியத் யூனியனோடு 1991இல் அந்த வரத்தும் நின்றது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்ற எண்ணமே பெரிய தடை என்று நினைக்கிறேன். புத்தகம் என்றால் பாடம். பாடம் என்றால் ஒன்றாம் வகுப்பு.

அதற்கு முந்தைய வயது பால்வாடியிடம் போயிற்று. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் வந்தபின், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகள் உட்கார ஓரிடம் கிடைத்தது. அங்கே பாட்டு உண்டு, கையசைவு உண்டு, சுவரில் படமும் உண்டு. வாய்ப்பாட்டே போதும், புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த மரபைத்தான் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். வாய்ப்பாட்டின் அருமையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டு பாடி முடிந்ததும் போய்விடும். புத்தகத்தைக் குழந்தை தானே புரட்டும், பிடித்த பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும், டயரை விரலால் தொட்டுப் பார்க்கும். நியூயார்க்கில் கல்வியாளர் லூசி ஸ்ப்ரேக் மிட்செல் 1921இலேயே வெளியிட்ட ‘ஹியர் அண்ட் நவ் ஸ்டோரி புக்’ இன்னொரு வாதத்தையும் முன்வைத்தது: மிகச் சிறிய பிள்ளைக்கு அரண்மனையும் தேவதையும் தூரம்; தன் தெருவில் ஓடுவதையும் ஒலிப்பதையும் சந்தத்தோடு சொன்னால் அது கதையாகிவிடும். கற்பனையைக் கொல்லும் யோசனை என்று அன்று அவரைச் சாடினார்கள். இன்றைய ஆங்கில லாரிப் புத்தகங்கள் அந்த வழியில் கிளைத்தவைதான்.

திருப்பூர் விஷயத்தில் ஒரு விநோதம் உண்டு. பாலர் லாரிப்படத்தை இந்த ஊர் அச்சடிக்காமல் இல்லை, துணியில் அச்சடிக்கிறது. ஏற்றுமதிக்கான குழந்தை டி-ஷர்ட்டின் நெஞ்சுப் பக்கத்தில் லாரி, டிராக்டர், தீயணைப்பு வண்டி எல்லாம் பழகிப்போன படங்கள். வெட்டிய பீஸ்களை நீள மேசையில் வரிசையாக ஒட்டி, ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீனாக வைத்து, ரப்பர் கட்டையால் மையை இழுத்துக்கொண்டே போவார்கள். முதல் சுற்றில் சிவப்பு கேபின், அடுத்ததில் மஞ்சள் விளக்கு, கடைசியில் கறுப்பு டயரும் கோடுகளும். வரைபடம் வெளிநாட்டு பையரிடமிருந்து வரும், வண்டியும் அவர்கள் ஊர் வண்டிதான். 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய நேரடி ஏற்றுமதி இந்தக் கைப்பழக்கத்தைத் திருப்பூருக்குத் தந்தது. அதை உள்ளூர்க் குழந்தையின் பக்கம் திருப்புவது யாருடைய கணக்கிலும் வரவில்லை.

கடைசி மறுப்புதான் கனமானது. இன்று திருப்பூரில் ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம்; தமிழ்ச் சந்தத்தில் லாரி பாடினால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பயன்? படம் எல்லோருக்கும் பொது. 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் இருமொழிப் புத்தகத்தைப் பழக்கப்படுத்தியது. பிரதம் புக்ஸ் 2015இல் திறந்த ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதை பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. ஆனால் எதுகை மொழிபெயர்ப்பில் தங்காது. தமிழில் லாரிக்கு வாய்க்கும் ஓசை ஒடியாவில் வாய்க்காது. எனவே படம் ஒன்றாகவும் பாட்டு அந்தந்த மொழிக்காரர் புதிதாகக் கட்டியதாகவும் இருக்க வேண்டும். இரண்டு பாட்டுக்கு இரண்டு கவிஞர், இரண்டு கூலி. மொழிபெயர்ப்பைவிடச் செலவு கூடும்தான். ஒரு சட்டைக்கு ஐந்து நிறம், ஐந்து ஸ்கிரீன் என்று கணக்குப் போட்டுப் பழகிய ஊருக்கு அது புரியாத கணக்கல்ல.