41 நாவல்கள், ஒரே உலகம்: ‘டிஸ்க்வேர்ல்ட்’ வரிசையில் திரும்பத் திரும்ப வருவது யார்? எந்தப் புத்தகத்தில் இருந்து தொடங்கலாம்?

ஃபேண்டஸி நாவல் படிக்கலாம்னு முடிவு செய்து நண்பர்களிடம் கேட்டால், யாராவது ஒருத்தர் ‘டிஸ்க்வேர்ல்ட்’ என்று சொல்லிவிடுவார். சரி, பார்ப்போம்னு போனில் தேடினால் தலை சுத்தும். மொத்தம் 41 நாவல்கள்! முதலில் இருந்து எல்லாத்தையும் படிக்கணுமா? நடுவில் ஒன்றை எடுத்தால் புரியுமா? இந்தக் குழப்பத்திலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

சுருக்கமான பதில்: 41-ஐயும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நாவலும் தனிக் கதைதான். ஆனால் அதே ஆட்களும் அதே ஊர்களும் திரும்பத் திரும்ப வரும். அப்படி வரும்போது போன புத்தகத்தில் பார்த்த மாதிரியே இருக்க மாட்டாங்க. வயசு கூடியிருக்கும், வேலை மாறியிருக்கும், கல்யாணம் ஆகியிருக்கும். ஊரும் வளர்ந்திருக்கும். அதனால் யாருடைய கதைக்குள் நுழைகிறோம், எந்த இடத்தில் நுழைகிறோம் என்பதுதான் முக்கியம். விவரமா பார்க்கலாம்.

டிஸ்க்வேர்ல்ட் என்றால் என்ன?

இங்கிலாந்து எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் உருவாக்கிய கற்பனை உலகம் இது. 1948-ல் பிறந்த இவர், இந்த வரிசையின் முதல் நாவலான ‘தி கலர் ஆஃப் மேஜிக்’கை 1983-ல் வெளியிட்டார். கடைசி நாவல் ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’ 2015-ல் வந்தது. இடைப்பட்ட 32 வருஷத்தில் 41 நாவல்கள்.

உலகம் தட்டு மாதிரி தட்டையானது. அதை 4 யானைகள் முதுகில் சுமக்கின்றன. அந்த யானைகள் நிற்பது ‘கிரேட் அட்டூயின்’ என்ற பிரம்மாண்ட ஆமையின் மேல். ஆமை விண்வெளியில் நீந்திக்கொண்டே இருக்கிறது. மந்தர மலையைத் தாங்கிய கூர்மாவதாரம், திசைகளைத் தாங்கும் யானைகள் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது ரொம்ப அந்நியமா தெரியாது. உலகைச் சுமக்கும் ஆமை பல நாட்டுப் பழங்கதைகளில் உண்டு. அதை எடுத்து நகைச்சுவை கலந்து விளையாடியதுதான் பிராட்செட்டின் பாணி.

41 நாவல்களும் ஒரே கதையா?

இல்லை. ஒரே உலகத்துக்குள் பல கிளைக் கதைகள் ஓடுகின்றன. வாசகர்கள் இவற்றைப் பொதுவாக இப்படிப் பிரிக்கிறார்கள்:

- ரின்ஸ்விண்ட்: மந்திரமே வராத மந்திரவாதி. ஆபத்து என்றால் ஓடிவிடுவார்.
- சூனியக்காரிகள்: கிரானி வெதர்வாக்ஸ் என்ற பாட்டியும் அவருடைய கூட்டாளிகளும்.
- டெத்: மரணமே ஒரு கதாபாத்திரம். கூடவே அவருடைய குடும்பம்.
- சிட்டி வாட்ச்: நகரக் காவல் படை. தலைவர் சாமுவேல் வைம்ஸ்.
- மாய்ஸ்ட் வான் லிப்விக்: தூக்கு மேடை வரை போய், அரசு அதிகாரியான மோசடிப் பேர்வழி.
- டிஃபனி ஏக்கிங்: 9 வயதில் அறிமுகமாகும் ஆட்டுப்பண்ணைச் சிறுமி.

இவை தவிர ‘ஸ்மால் காட்ஸ்’ (1992) மாதிரி தனியாக நிற்கும் நாவல்களும் உண்டு. ஒரு கிளையின் நாயகன் இன்னொரு கிளையில் தெருவில் நடந்து போவார், அவ்வளவுதான். தெரியாதவர்களுக்கு அவர் வெறும் வழிப்போக்கர். தெரிந்தவர்களுக்கு அட, இவரா என்ற சந்தோஷம்.

கதை நடக்கும் ஊர் எப்படி மாறுகிறது?

அதிக முறை திரும்பி வரும் ஊர் ‘ஆங்க்-மோர்போர்க்’. நெரிசல், அழுக்கு, ஆற்றில் தண்ணீரை விட சேறு அதிகம். திருடர்களுக்குக் கூட சட்டப்படி சங்கம் உண்டு. சங்கத் திருடன் உங்களிடம் திருடினால் ரசீது கொடுத்துவிட்டுப் போவான்! இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து நகரத்தை ஆள்பவர் வெட்டினாரி பிரபு.

ஆரம்பத்தில் வாள், மந்திரம், சத்திரம் என்று வழக்கமான ஃபேண்டஸி ஊராகத்தான் இருந்தது. புத்தகங்கள் வர வர நகரம் நவீனமாகிக்கொண்டே போகிறது. 1999-ல் வந்த ‘தி ஃபிஃப்த் எலிஃபண்ட்’டில் கோபுரத்துக்குக் கோபுரம் சைகை அனுப்பும் ‘கிளாக்ஸ்’ என்ற தந்தி முறை வருகிறது. 2000-ல் ‘தி ட்ரூத்’ நாவலில் செய்தித்தாள். 2004-ல் ‘கோயிங் போஸ்டல்’லில், பல வருஷமா முடங்கிக் கிடந்த தபால் நிலையம் உயிர் பெறுகிறது, தபால் தலை வருகிறது. 2007-ல் ‘மேக்கிங் மணி’யில் காகிதப் பணம். 2013-ல் ‘ரெய்சிங் ஸ்டீம்’மில் ரயிலே ஓடுகிறது.

ஒரு நாவலில் வந்த கண்டுபிடிப்பு அடுத்த நாவலில் காணாமல் போகாது. வந்த பிறகு அது ஊரின் ஒரு பகுதி. அதனால்தான் வாசகர்களுக்கு இது நிஜ ஊர் போலவே தோன்றுகிறது. இங்கிலாந்தில் சோமர்செட் பகுதியில் உள்ள வின்கான்டன் என்ற நிஜமான ஊர், 2002-ல் ஆங்க்-மோர்போர்க்கை தன் ‘இரட்டை நகரமாக’ அறிவித்தது என்றால் பார்த்துக்கோங்க.

சாக்கடையில் கிடந்தவர் பிரபு ஆனது எப்படி?

திரும்பி வரும் கதாபாத்திரம் எப்படி வளரும் என்பதற்குச் சரியான உதாரணம் சாமுவேல் வைம்ஸ். 1989-ல் ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ நாவலில் அறிமுகமாகும்போது அவர் குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடக்கும் காவல் கேப்டன். அவருடைய இரவுக் காவல் படையில், புதுசா சேரும் கேரட் என்ற இளைஞனையும் சேர்த்து மொத்தம் 4 பேர்தான். ஊரில் யாரும் அவர்களை மதிப்பதில்லை.

1993-ல் ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் சிபில் சீமாட்டியைக் கல்யாணம் செய்கிறார், பதவி உயர்கிறது. படையில் குள்ளர், ட்ரோல், ஓநாய்ப் பெண் என்று பல இனத்தவர் சேருகிறார்கள். 1997-ல் ‘ஜிங்கோ’வில் பிரபு பட்டம். 2002-ல் ‘நைட் வாட்ச்’சில் மகன் பிறக்கிறான். 2005-ல் ‘தட்!’ நாவலில், ஊரே பற்றி எரியும் நிலையில் இருந்தாலும், சாயங்காலம் 6 மணிக்கு வீட்டுக்குப் போய் மகனுக்குப் படக்கதை வாசித்தே ஆகணும் என்று ஓடுகிறார். முதல் நாவலின் குடிகாரரைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஓட்டத்தின் அர்த்தம் வேறு.

வைம்ஸ் புத்தகத்துக்கு வெளியேயும் வந்துவிட்டார். ‘மென் அட் ஆர்ம்ஸ்’சில் அவர் ஒரு கணக்குப் போடுவார். 50 டாலர் பூட்ஸ் 10 வருஷம் உழைக்கும். ஆனால் ஏழையால் 10 டாலர் பூட்ஸ்தான் வாங்க முடியும், அது சீக்கிரமே ஓட்டையாகிவிடும். 10 வருஷத்தில் அவன் 100 டாலர் செலவு செய்திருப்பான், காலில் ஈரமும் போயிருக்காது. ஏழையாக இருப்பதற்கே அதிகம் செலவாகிறது என்பதுதான் விஷயம். 2022-ல் பிரிட்டனில், மலிவு விலைப் பொருட்களின் விலை உயர்வைக் கணக்கிட ஜாக் மன்றோ அறிவித்த பட்டியலுக்கு ‘வைம்ஸ் பூட்ஸ் இண்டெக்ஸ்’ என்றே பெயர் வைக்கப்பட்டது.

அதிக நாவல்களில் வருவது யார்?

டெத். 41 நாவல்களில் ‘தி வீ ஃப்ரீ மென்’, ‘ஸ்னஃப்’ ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வருகிறார். கறுப்பு அங்கி, எலும்புக்கூடு உடம்பு, கையில் அரிவாள். நம்ம ஊர் எமனுக்கு எருமை, இவருக்கு வெள்ளைக் குதிரை. குதிரையின் பெயர் பிங்கி!

முதல் நாவலில் இவர் கொஞ்சம் கெட்டவராகத்தான் இருப்பார். போகப் போக மனிதர்களைப் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறார். 1987-ல் ‘மோர்ட்’ நாவலில் ஒரு பையனை வேலை பழக வைக்கிறார். 1991-ல் ‘ரீப்பர் மேன்’ நாவலில் வேலை போய், ஒரு வயலில் கூலியாளாக அறுவடை செய்கிறார். பிறகு பேத்தி சூசன் வருகிறாள். பூனை என்றால் உயிர். உயிரைப் பறிக்கிறவர் என்பதை விட, உயிர் போன பிறகு வந்து வழித்துணையாக நிற்பவர் என்றே வாசகர்கள் இவரைப் பார்க்கிறார்கள். மரணத்தை எதிர்நோக்கி இருந்த வாசகர்கள் சிலர், நிஜ மரணமும் இவர் மாதிரியே இருக்கட்டும் என்று பிராட்செட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

பல வருஷம் கழித்து வந்தவர்கள் உண்டா?

நிறைய. 1987-ல் ‘ஈக்வல் ரைட்ஸ்’ நாவலில் மந்திரவாதியாக ஆசைப்பட்ட சிறுமி எஸ்கரினா, 23 வருஷம் கழித்து 2010-ல் ‘ஐ ஷல் வேர் மிட்நைட்’டில் பெரியவளாகத் திரும்பி வருகிறாள். முதல் நாவலில் வந்த சுற்றுலாப் பயணி டூஃப்ளவர், 1994-ல் ‘இன்ட்ரஸ்டிங் டைம்ஸ்’சில் மறுபடி வருகிறார். மந்திரப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ‘தி லைட் ஃபெண்டாஸ்டிக்’ (1986) நாவலில் ஒரு விபத்தில் ஒராங்குட்டானாக மாறினார். மறுபடி மனிதனாக மாற அவருக்கு இஷ்டமே இல்லை. புத்தக அலமாரி ஏற நீளமான கை வசதியா இருக்காம்!

இத்தனை வருஷத்தில் முன்னுக்குப் பின் முரண் வராதா?

வரும். முதல் நாவலில் வரும் ஆட்சியாளருக்கும், பின்னால் வரும் ஒல்லியான வெட்டினாரிக்கும் பொருத்தமே இருக்காது. 2001-ல் ‘தீஃப் ஆஃப் டைம்’ நாவலில் பிராட்செட் இதற்குக் கதைக்குள்ளேயே பதில் சொன்னார். இந்த உலகத்தின் காலம் ஒருமுறை உடைந்துபோச்சு, துறவிகள் அதை ஒட்டுப்போட்டு வைத்திருக்காங்க, அதனால் சில இடம் பொருந்தாது. அவ்வளவுதான் விளக்கம்!

இந்தக் கதாபாத்திரங்கள் இனியும் வருவார்களா?

(கவனிக்க: இந்தப் பகுதியில் கடைசி நாவலின் முக்கியத் திருப்பம் உள்ளது.)

2007 டிசம்பரில், தனக்கு அல்சைமர் நோய் என்று பிராட்செட் அறிவித்தார். ஒரு முழு உலகத்தையே நினைவில் வைத்து எழுதியவருக்கு வந்தது நினைவை அரிக்கும் நோய். தட்டச்சு செய்ய முடியாமல் போனதும், சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அறிவிப்புக்குப் பிறகும் 5 டிஸ்க்வேர்ல்ட் நாவல்கள் வந்தன.

அதில் கடைசி ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’. 1987 முதல் வாசகர்களோடு வந்த கிரானி வெதர்வாக்ஸ், இந்த நாவலின் தொடக்கத்திலேயே இறந்துபோகிறார். தன் முடிவு முன்கூட்டியே தெரிந்ததும் குடிசையைச் சுத்தம் செய்கிறார், தனக்கான சவக்கூடையைத் தானே பின்னுகிறார். டெத் வருகிறார், பழகியவர்கள் மாதிரி பேசிக்கொள்கிறார்கள். கிரானியின் இடத்துக்கு வருவது டிஃபனி. 9 வயதில் வாணலியைத் தூக்கிக்கொண்டு தேவதை ராணியிடம் இருந்து தம்பியை மீட்கப் போன அதே சிறுமி. இந்த ஒரு நாவலை மட்டும் முதலில் படித்தால், யாரோ ஒரு பாட்டி இறந்த கதையாகத்தான் தெரியும்.

2015 மார்ச் 12-ல், 66 வயதில் பிராட்செட் காலமானார். டெத் வந்து அவரை அழைத்துப் போவது போன்ற பதிவுகளாகவே அந்தச் செய்தி அவருடைய ட்விட்டர் பக்கத்தில் வெளியானது. நாவல் சில மாதம் கழித்து ஆகஸ்டில் வந்தது. இனி டிஸ்க்வேர்ல்ட் நாவல் கிடையாது என்று மகள் ரியானா தெரிவித்துவிட்டார். முடிக்காத எழுத்துகள் இருந்த ஹார்டு டிஸ்க்கை, அவருடைய விருப்பப்படியே 2017 ஆகஸ்டில் நீராவி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள்.

ஆனால் வாசகர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘கோயிங் போஸ்டல்’ நாவலில், இறந்துபோன கிளாக்ஸ் ஊழியரின் பெயரை கோபுரங்கள் வழியே ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பெயர் ஓடும் வரை அவர் போகவில்லை என்பது நம்பிக்கை. அந்தச் செய்தியின் முன்னால் ‘ஜிஎன்யு’ என்ற குறியீடு இருக்கும். அடுத்த கோபுரத்துக்கு அனுப்பு, பதிவேட்டில் எழுதாதே, கடைசிக்குப் போனதும் திருப்பி அனுப்பு என்பது அதன் அர்த்தம். 2015-க்குப் பிறகு, ‘ஜிஎன்யு டெர்ரி பிராட்செட்’ என்ற வரியை ஏராளமான இணையதளங்கள் கண்ணுக்குத் தெரியாதபடி தங்கள் பின்னணியில் சேர்த்துக்கொண்டன. நீங்க போனில் திறக்கும் ஏதோ ஒரு பக்கத்தோடு அந்தப் பெயரும் வந்து போயிருக்கலாம்.

சரி, எந்தப் புத்தகத்தில் இருந்து தொடங்கலாம்?

- துப்பறியும் கதை, அரசியல் பிடிக்கும் என்றால்: ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’
- வாழ்க்கை, சாவு பற்றிச் சிரித்துக்கொண்டே யோசிக்கணும் என்றால்: ‘மோர்ட்’
- கிராமம், பாட்டிகள், நாடகக் கலாட்டா என்றால்: ‘விர்ட் சிஸ்டர்ஸ்’ (1988)
- வீட்டில் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க: ‘தி வீ ஃப்ரீ மென்’ (2003)
- ஒரே ஒரு நாவல் போதும் என்றால்: ‘ஸ்மால் காட்ஸ்’
- மோசடி, தொழில், பரபரப்பு என்றால்: ‘கோயிங் போஸ்டல்’

ஒரு கிளையை எடுத்தால் அதை மட்டும் வெளியான வரிசையில் படியுங்க. கிளை விட்டுக் கிளை தாவுவது உங்கள் இஷ்டம். முதல் இரண்டு நாவல்களில் பிராட்செட் தன் பாணியைத் தேடிக்கொண்டுதான் இருந்தார் என்று பல ரசிகர்கள் சொல்கிறார்கள், அதனால் ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ பிடிக்கலைன்னா உடனே மூடி வைக்க வேண்டாம். ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’னை மட்டும் கடைசிக்கு வைத்துக்கோங்க. கிரானியை ஒரு நாலு புத்தகத்திலாவது சந்தித்துவிட்டு அங்கே போவது நல்லது.