ஊர் கூடி இழுத்த தேர்

வேலூர் என்றவுடன் வரலாறு பயிலும் மாணவர்களின் நினைவுக்கு வருவது அவ்வூர்க் கோட்டையும், 1806ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் அக்கோட்டைக்குள் மூண்ட சிப்பாய்ப் புரட்சியுமே. அகழியும் மதிலும் அந்த வரலாற்றுக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. ஆனால், அதே ஊரில் நடந்த மற்றொரு போருக்கு மதிலும் இல்லை, அகழியும் இல்லை. அப்போரில் வாளும் துப்பாக்கியும் ஏந்தியவர் எவருமிலர். பனிக்கட்டிப் பெட்டியும், சிறு மருந்துக்குப்பியும், பெயர்ப் பதிவேடுமே அதன் படைக்கலங்கள். மருத்துவரும் அரசு ஊழியரும் ஊர்ச் சேவைச் சங்கத்தாரும் ஒன்றுகூடி, ஏழைக் குழந்தைகளின் கால்களைக் காக்க நடத்திய அந்தப் போரைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலில் களத்தைக் காண்போம். பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என வரிசையாக அமைந்த ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. இவ்வூர்த் தோல் உலகச் சந்தைக்குச் செல்கிறது. தோலை ஊறவைத்துச் சுரண்டிப் பதனிடும் தொழிலாளியோ நெருக்கமான தெருக்களில், போதிய சாக்கடையும் நல்ல குடிநீரும் இன்றி நெடுங்காலம் வாழ்ந்து வந்தான். வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் சென்றால் சவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. காடும் அருவியும் 1967இல் அமைந்த வனவிலங்குப் பூங்காவும் காண்பவர் கண்ணுக்கு விருந்து. ஆனால், அங்கிருந்து மேலேறும் மலைப்பாதைகளில் வாழும் மக்களுக்கு மருத்துவமனை என்பது ஒரு நாள் கூலியை இழந்து சென்றடைய வேண்டிய தொலைவு. நகரத்தின் நெரிசலும் மலையின் தொலைவும் ஒன்றுக்கொன்று மாறானவை. எனினும் இரண்டும் ஏழைக் குழந்தைக்கு ஒரே தீங்கையே விளைவித்தன.

அத்தீங்குகளுள் கொடியது இளம்பிள்ளை வாதம். இன்று போலியோ என்று எல்லோரும் சொல்வது அதனையே. இந்நோயை உண்டாக்கும் வைரஸ் மனிதர் மலத்தின் வழியே வெளியேறி, அசுத்தமான நீராலும் கையாலும் மற்றொருவர் வாய்க்குள் செல்கிறது. கிருமி புகுந்த குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேர்வதில்லை. சுமார் 200 பேரில் ஒருவருக்கோ, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் தண்டுவடத்தில் அழிந்து, கை அல்லது கால் மீட்க முடியாதபடி செயலிழந்துவிடுகிறது. இந்நோய் செல்வரை அறவே தொடாது என்று சொல்வதற்கில்லை. அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராகப் பின்னர் விளங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921இல் தம் 39ஆம் வயதில் கால்களின் வலிமையை இழந்தார். ஆயினும் கழிப்பிடம் இல்லாத தெருவிலேதான் கிருமி தடையின்றி உலவுகிறது. அதனால் நம் நாட்டில் நடக்கப் பழகும் பருவத்துக் குழந்தையையே அது தேடிப் பிடித்தது. உடலுழைப்பையே முதலாகக் கொண்ட குடும்பத்தில் கால் இழந்த குழந்தையின் எதிர்காலம் என்னவாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இந்நோய்க்கு மருந்தில்லை, ஆனால் தடுப்பு உண்டு. ஜோனாஸ் சால்க் கண்ட ஊசி மருந்தின் வெற்றி 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஆல்பர்ட் சேபின் வாய்வழியாகக் கொடுக்கும் சொட்டு மருந்தைக் கண்டார். விலை மலிவு, ஊசியின் வலியில்லை, கொடுப்பதும் எளிது. மூன்று முறை கொடுத்தால் போதும் என்பது மேலை நாடுகளின் பட்டறிவு. அது நம் நாட்டிற்கும் பொருந்துமா என்று எவரும் ஐயுறவில்லை.

ஐயுற்றவர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மருத்துவரும் வைரஸ் ஆய்வாளருமான டாக்டர் டி. ஜேக்கப் ஜான். சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளின் குருதியை ஆய்ந்தபோது, வெப்ப நாட்டுக் குழந்தைகளுள் பலருக்கு மூன்று முறைக்குப் பின்னும் எதிர்ப்பாற்றல் போதிய அளவு உண்டாகவில்லை என்பதை அவர் கண்டார். 1972இல் வெளிவந்த அவருடைய ஆய்வு இக்குறையை எடுத்துக்காட்டியது. நூலில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஏற்காமல், தம் ஊர்க் குழந்தையின் குருதியைச் சான்றாகக் கொண்ட இம்மனப்பான்மையே உண்மையான அறிவியல் மனப்பான்மை. மாணவர்கள் இதனை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

குறையைக் கண்டபின் வழியையும் காண வேண்டுமன்றோ? மருந்தை மேலும் பலமுறை கொடுக்க வேண்டும் என்பது ஒரு விடை. மற்றொன்று, ஒவ்வொரு குழந்தையாக மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திராமல், ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் குறித்த சில நாட்களில் ஒருசேரக் கொடுத்துவிடுவது. ஒரே வேளையில் எல்லாரும் காப்புப் பெற்றால், கிருமி அடுத்த உடலைத் தேடி அலைந்து மாய்ந்துவிடும். நாடித் துடிப்புப்போல் விட்டுவிட்டு நிகழ்வதால் இதற்கு ‘பல்ஸ்’ முறை என்று பெயர். இவ்வகைப் பெருந்திரள் முயற்சியில் கியூபா 1962இலேயே இறங்கியது. பிரேசில் 1980இல் தேசியத் தடுப்பு மருந்து நாட்களை நடத்தியது. வேலூர் நகரில் இம்முறையால் இளம்பிள்ளை வாதம் அடங்கிய செய்தியை 1983இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்டது.

இங்கேதான் சேவைச் சங்கத்தின் கதை தொடங்குகிறது. மருத்துவரிடம் மருந்தும் அறிவும் இருந்தன. ஒரே நாளில் ஊர் முழுவதையும் எட்டும் கைகள் இல்லை. அக்கைகளைத் தந்தவர்களுள் ரோட்டரி சங்கத்தார் முக்கியமானவர். இச்சங்கம் 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞராலும் அவர் நண்பர் மூவராலும் தொடங்கப்பெற்றது. உறுப்பினர்தம் அலுவலகங்களில் சுழல்முறையில் கூடியதால் அப்பெயர் வந்தது. முதலில் தொழில் நட்பையே நாடிய அச்சங்கம், 1907இல் சிகாகோ நகர மண்டபத்தின் அருகே பொதுக் கழிப்பிடம் அமைக்க முயன்றதன் மூலம் பொதுப்பணியில் கால்வைத்தது. கழிப்பிடமின்மையால் பரவும் நோயை எதிர்ப்பதே அச்சங்கத்தின் மாபெரும் பணியாகப் பின்னர் அமைந்தது வியப்பன்றோ! நம் நாட்டில் 1919இல் கல்கத்தாவிலும், 1929இல் சென்னையிலும் இச்சங்கம் வேரூன்றிப் பின்னர்ப் பிற ஊர்களுக்கும் பரவியது.

வேலூரில் மருத்துவக் கல்லூரியும் அரசும் ரோட்டரி சங்கமும் கைகோத்தன. நகரத்தில் தொடங்கிய முயற்சி 1980களில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் சிற்றூர்களுக்கும் விரிந்தது. இத்தகைய பணியில் மருத்துவம் பயிலாத ஒரு வணிகரோ ஆசிரியரோ செய்யக்கூடியது யாது என்று கேட்கலாம். செய்யக்கூடியது மிகுதி. தெருத்தெருவாகச் சென்று குழந்தைகளைக் கணக்கெடுக்க வேண்டும். மருந்து கொடுக்கும் நாளைத் தண்டோராவாலும் ஒலிபெருக்கியாலும் அறிவிக்க வேண்டும். வண்டியும் இடமும் உணவும் ஏற்பாடு செய்ய வேண்டும். விடுபட்ட குழந்தையைத் தேடிச் செல்ல வேண்டும். ‘இம்மருந்தால் கேடு வரும்’ என்று அஞ்சும் தாயிடம் அமைதியாக அமர்ந்து பேச வேண்டும். கடைவீதியில் நாள்தோறும் காணும் அறிமுகமான முகம் சொல்லும்போது அச்சம் விரைவில் நீங்கும். இந்த நம்பிக்கையே ஊர்ச் சங்கம் கொண்டுவரும் பெருஞ்செல்வம். எந்த அரசாணையும் இதற்கு ஈடாகாது.

மருந்தின் இயல்பையும் இங்கே சொல்ல வேண்டும். சொட்டு மருந்து வெப்பத்தைத் தாங்காது. கிடங்கில் உறைநிலைக்கும் 20 பாகை கீழே அதனை வைத்துக் காப்பர். ஊர்களுக்குக் கொண்டு செல்லும்போது 2 முதல் 8 பாகை வரையிலான குளிர்ச்சியில் வைத்திருத்தல் வேண்டும். சித்திரை வெயிலில் வேலூர்ப் பாறைகள் எவ்வாறு கனலும் என்பதை அவ்வூரார் அறிவர். நகரத்துக் கிடங்கிலிருந்து அமிர்தி போன்ற அடிவார ஊருக்கும், அங்கிருந்து வண்டி செல்லாத மலையூருக்கும் குளிர் குறையாமல் மருந்தைச் சேர்ப்பதென்றால், இடையில் ஒரு கை தளர்ந்தாலும் பயனில்லை. பனிக்கட்டி உருகினால், குழந்தையின் வாயில் விழுவது வெறும் நீர். பெற்றோர் மனத்தில் நிறைவது பொய்யான ஆறுதல். அறச்செயலுக்கு அன்பு மட்டும் போதாது. ஒழுங்கும் வேண்டும் என்பதை இதனால் அறிகிறோம்.

வேலூரில் இவை நிகழ்ந்துவந்த காலத்தில் உலகிலும் இவ்வெண்ணம் வளர்ந்தது. 1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் 60 இலட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்க ரோட்டரி முன்வந்தது. 1985இல் ‘போலியோ பிளஸ்’ திட்டம் பிறந்தது. 12 கோடி டாலர் திரட்டக் கருதினர். 1988க்குள் 24 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அவ்வாண்டே உலகச் சுகாதாரப் பேரவை இந்நோயை உலகினின்றே ஒழிப்பதெனத் தீர்மானித்தது. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகள் வாதத்துக்கு இரையாகி வந்தனர். நம் நாட்டில் 1994 அக்டோபர் 2ஆம் நாள் தில்லியிலும், 1995 டிசம்பர் 9ஆம் நாள் நாடெங்கும் ‘பல்ஸ் போலியோ’ இயக்கம் தொடங்கிற்று. இடக்கைச் சுண்டுவிரலில் மையிட்டுக்கொண்ட கோடிக்கணக்கான குழந்தைகள் அதற்குச் சாட்சி. 2009இல் 741 ஆக இருந்த நோயாளர் தொகை 2010இல் 42 ஆகவும், 2011இல் ஒன்றாகவும் சுருங்கியது. 2011 சனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் நோயுற்ற சிறுமியே இந்நாட்டின் இறுதி நோயாளி. 2014 மார்ச் 27ஆம் நாள் தென்கிழக்கு ஆசியா முழுவதும் இந்நோயினின்று விடுபட்டதெனச் சான்றளிக்கப்பட்டது.

வருமுன் காத்தல் ஒருபுறமிருக்க, வந்தபின் வாடுவோரை மறத்தல் தகுமா? காலிழந்த குழந்தைக்கு அறுவை மருத்துவமும், இரும்புத் தாங்கியும், ஊன்றுகோலும் வேண்டும். பள்ளியும் தொழிலும் வேண்டும். 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்பின் கீழ் இயக்கம் இழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவம் புரிந்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால், 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. ஊனமுற்றோர் இரக்கத்துக்குரியவர் மட்டுமல்லர், உழைத்து உயரும் உரிமையுடையவர் என்பதை அவர் தம் வாழ்வினாலேயே நிறுவினார். பல ஊர்களின் சேவைச் சங்கங்கள் அறுவை முகாம்களை நடத்தியும் தாங்கிகளை வழங்கியும் இப்பணிக்குத் துணை நின்றன.

இவ்வரலாற்றைக் கூறும்போது மிகைப்படுத்தலாகாது. சேவைச் சங்கம் ஒன்றே இவ்வெற்றியைத் தேடித் தந்ததென்றால் அது உண்மையாகாது. சம்பளம் குறைந்த சுகாதாரப் பணிப்பெண்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஏறி இறங்கிய படிகளுக்கு அளவில்லை; செலவில் பெரும்பங்கை ஏற்றது அரசு. மேலும், வசதியுள்ளோர் கூடும் சங்கம் ஆண்டுக்கொருநாள் துணியும் தட்டும் வழங்கி நிழற்படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிட்டால், பெறுபவன் தலை குனிகிறான். அவன் நிலை மாறுவதில்லை. போலியோ இயக்கம் அத்தகைய ஈகையன்று. தோல் தொழிலாளியின் குழந்தையும் ஆலை உரிமையாளரின் குழந்தையும் ஒரே குப்பியிலிருந்து ஒரே அளவு மருந்தைப் பெற்றன. ஏழைக் குழந்தை காக்கப்படாதவரை செல்வர் குழந்தைக்கும் காப்பில்லை என்னும் உண்மையை அக்கிருமியே கற்பித்தது. பிறரை உயர்த்துவது தயவன்று, ஊரின் கடமை என்பதே இதன் சாரம்.

பணி முற்றும் முடிந்துவிடவில்லை. ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானத்திலும் அக்கிருமி இன்னும் உலவுகிறது. சொட்டு மருந்தில் உள்ள வலிகுறைந்த வைரஸே, காப்புக் குன்றிய இடங்களில் அரிதாக வலிவு பெறக்கூடும் என்பதையும் அறிவியல் கண்டுள்ளது. அதனால் 2015 நவம்பர் முதல் நம் நாட்டில் ஊசி மருந்தும் சேர்க்கப்பட்டது. தடுப்பு மருந்து நோயைத் தடுக்கும். தூய குடிநீரையும் கழிப்பிடத்தையும் தாராது. அவை இல்லாத தெருவில் ஒரு கிருமி போனால் வேறொன்று வரும்.

மாணவ மாணவியரே! பெருஞ்செயல்கள் பெரியோரால் மட்டும் நிகழ்வதில்லை. ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடம் பிடித்தவர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணி வைப்பதில்லை. தேர் நிலைக்கு வந்ததை மட்டுமே காண்கிறோம். உங்கள் ஊரில் எந்தத் தெருவுக்கு நல்ல நீர் இல்லை, எந்தக் குழந்தை பள்ளிக்கு வரவில்லை என்று கணக்கெடுப்பதிலிருந்தே உங்கள் தொண்டு தொடங்கலாம். வேலூரிலும் அது ஒரு கணக்கெடுப்பிலிருந்தே தொடங்கியது.