காளான்களைத் தாக்கும் பூஞ்சைகள்: மரபணுத்தொகுதி ஆய்வின் வரலாறு

உணவுக் காளான் ஒரு பூஞ்சை. அதன் பண்ணைகளில் பேரிழப்பை உண்டாக்கும் நோய்கள் பலவற்றுக்குக் காரணமும் பூஞ்சையே. நெல்லைப் பூஞ்சை தாக்கினால் பூஞ்சைக்கொல்லி தெளிக்கலாம். பயிர் தாவரம் என்பதால் மருந்து அதை விட்டுவிட்டுப் பகையை மட்டும் அழிக்கும். காளான் படுக்கையில் அந்த வசதி இல்லை. பயிரின் செல்சுவரிலும் நோய்க்கிருமியின் செல்சுவரிலும் கைட்டின்தான் இருக்கிறது. ஒன்றைக் கொல்வது மற்றதையும் வாட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மேலும் மேலும் நுணுகித் தேடியதே இத்துறையின் வரலாறு. முதலில் கண்ணாலும் நுண்ணோக்கியாலும் தேடினார்கள், கடைசியில் டி.என்.ஏ.வுக்குள் இறங்கினார்கள்.

மொட்டுக் காளான் (அகாரிகஸ் பைஸ்போரஸ்) வளர்ப்பு 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் சுற்றுப்புறத்தில், குதிரைச் சாணம் பரப்பிய பாத்திகளில் வேரூன்றியது. 1707இல் தாவரவியலாளர் தூர்னஃபோர் அம்முறையை விவரித்து எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் வளர்ப்பாளர்கள் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் இறங்கினர். அங்கே ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சி, ஒரே ஈரம். காளானுக்கு உகந்த அந்தச் சூழல் நோய்க்கும் உகந்ததாக இருந்தது. தண்டும் குடையும் பிரியாமல் உருக்குலைந்த வெண்திரளாகக் காளான் வீங்கும். அதன் மேல் தேன்நிறத் துளிகள் கசியும். பிறகு அழுகி நாறும். பிரெஞ்சு வளர்ப்பாளர்கள் இதை 'மோல்' என்றனர். இன்று இது ஈரக்கொப்புள நோய் எனப்படுகிறது. 1880களின் இறுதியில் ஜெர்மானியரான பால் மாக்னஸ் இதற்குக் காரணமான பூஞ்சையைப் பெயரிட்டு விவரித்தார். கோஸ்தந்தேன், துஃபூர் ஆகிய இருவரும் 1892இல் இந்நோய் பற்றி விரிவாக எழுதினர். நெடுங்காலம் மைக்கோகோன் பெர்னிசியோசா என்று வழங்கிய அப்பூஞ்சை இப்போது ஹைப்போமைசஸ் பெர்னிசியோசஸ் எனப்படுகிறது.

உலர்கொப்புள நோய்க்குக் காரணம் வேறொரு பூஞ்சை. வெர்டிசிலியம் என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த அதை 2008இல் சாரேயும் காம்ஸும் லெக்கானிசிலியம் ஃபஞ்சிகோலா என்று மாற்றினர். அதன் வித்துகள் பசைபோல் ஒட்டும் தன்மையுடையவை. ஈக்களின் காலிலும் பணியாளர் கையிலும் ஒட்டிக்கொண்டு பண்ணை முழுதும் பரவும். ஈரக்கொப்புளத்துக்கும் இதற்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: படுக்கைக்குள் படரும் காளான் இழைகளை இவை பெரிதாகத் தொடுவதில்லை, மேல்மண் பரப்பி மொட்டுகள் உருவாகத் தொடங்கிய பிறகே தாக்குகின்றன. அந்தக் கட்டத்தில் இரு உயிரிகளுக்கும் இடையே என்ன நடக்கிறது என்பது மரபணு ஆய்வாளர்களை இன்றும் ஈர்க்கும் கேள்வி.

1960களின் இறுதியில் பெனோமில் மருந்து வந்தபோது சிக்கல் தீர்ந்ததுபோல் தோன்றியது. பீட்டா டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்பிரிவைத் தடுக்கும் மருந்து அது; காளானைவிட நோய்ப்பூஞ்சையைக் கடுமையாகப் பாதித்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே உலர்கொப்புளப் பூஞ்சை அதற்குப் பழகிவிட்டது. 1990களின் நடுவில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சிலந்திவலை நோய் கொள்ளைநோயாகப் பரவியபோது இதே கதை மீண்டது. பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் அந்நோய்க்குக் காரணமான பூஞ்சையின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தனர். பீட்டா டியூபுலின் மரபணுவில், 50ஆவது அமினோ அமிலத்தைக் குறிக்கும் இடத்தில் நேர்ந்திருந்த ஒரேயொரு மாற்றமே மருந்தைச் செயலிழக்கச் செய்திருந்தது. எல்லாரும் கிளாடோபோட்ரியம் டென்ட்ராய்டஸ் என்று எண்ணியிருந்த கிருமி பெரும்பாலும் கிளாடோபோட்ரியம் மைக்கோஃபிலம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

டி.என்.ஏ. ஆய்வின் அருமையைப் பண்ணையாளர்களுக்கு முழுதாக உணர்த்தியது பச்சைப் பூசணம். 1985இல் வட அயர்லாந்தில் கம்போஸ்ட் படுக்கைகள் பச்சை பூத்து, அந்தப் பகுதிகளில் காளானே முளைக்காமல் போயிற்று. 1990களின் தொடக்கத்தில் கனடாவும் பென்சில்வேனியாவும் இதே நோயில் சிக்கின. பார்வைக்கு அது டிரைக்கோடெர்மா ஹார்சியானம். அதாவது, வேரழுகலைத் தடுக்க உழவர்களே மண்ணில் இடும் நன்மைப் பூஞ்சை. நல்லது என்று விற்கப்பட்டதே காளானை அழிக்கிறதா என்ற ஐயம் எழுந்தது. வரிசை ஒப்பீடு அந்த ஐயத்தைத் தீர்த்தது. உழவர் பயன்படுத்தும் வகைகள் ஒரு கிளையிலும் காளானை அழிப்பவை வேறு கிளைகளிலும் நின்றன. கொள்ளைநோய்க்கு முன் சேகரித்துப் பாதுகாத்த மாதிரிகளைப் பென்சில்வேனிய ஆய்வாளர்கள் சோதித்தபோது அழிக்கும் வகை அவற்றில் இல்லை. 2002இல் சாமுவேல்ஸ் குழுவினர் அதைத் தனி இனமாகப் பிரித்து டிரைக்கோடெர்மா அக்ரெசிவம் என்று பெயரிட்டனர். ஐரோப்பாவில் ஒரு வடிவம், வட அமெரிக்காவில் இன்னொன்று. இத்துறை பண்ணைக்குச் செய்த பெருந்தொண்டு இந்தச் சரியான அடையாளம் காணுதலே என்று சொல்லலாம். நிரபராதியான பூஞ்சை பழியிலிருந்து மீண்டது. உண்மைக் கிருமியைக் கம்போஸ்ட்டிலேயே கண்டறியும் சோதனையும் கிடைத்தது.

தமிழ்நாட்டில் குடிசைகளிலும் கொட்டகைகளிலும் வளர்க்கும் சிப்பிக் காளானுக்கும் பச்சைப் பூசணம் உண்டு. கொரியாவிலும் ஐரோப்பாவிலும் சிப்பிக் காளானைத் தாக்கியவை மொட்டுக் காளானின் பகைகள் அல்ல என்பது 2006, 2007 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் தெளிவாயிற்று. அவை டிரைக்கோடெர்மா புளுரோட்டம், டிரைக்கோடெர்மா புளுரோட்டிகோலா என்ற வேறு இரு இனங்கள்.

முழு மரபணுத்தொகுதியைப் படிக்கும் காலம் பயிரிலிருந்து தொடங்கியது. 2012இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மொட்டுக் காளானின் தொகுதியை வெளியிட்டனர்: ஏறத்தாழ 3 கோடி டி.என்.ஏ. எழுத்துகள், 10,000க்கு மேற்பட்ட மரபணுக்கள். அதற்குத் தேர்ந்த இரு வகைகளுமே பொருள் பொதிந்தவை. எச்97 என்பது ஹார்ஸ்ட் யு1 கலப்பினத்தின் ஒரு பாதி. நெதர்லாந்தின் ஹார்ஸ்ட் நிலையத்தில் கெர்டா ஃபிரிட்ஷே உருவாக்கி 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த அந்தக் கலப்பினத்தின் வழிவந்தவையே இன்று உலகெங்கும் விளையும் வெள்ளை மொட்டுக் காளான்களில் பெரும்பங்கு. மரபணு வளம் இவ்வளவு குறுகிய பயிரைக் கிருமி ஒருமுறை வென்றால் எங்கும் வெல்லும் என்ற அச்சத்துக்கு இதுவே காரணம். மற்றொரு வகை கலிஃபோர்னியப் பாலைவனத்துக் காட்டுக் காளானான பர்னெட்டியை என்ற உள்வகையைச் சேர்ந்தது. பயிர்க் காளானின் குரோமோசோம்களில் மரபணு மறுசேர்க்கை பெரும்பாலும் முனைகளில்தான் நடக்கிறது. பர்னெட்டியையில் குரோமோசோம் நெடுகிலும் நடக்கிறது. நோய் எதிர்ப்பைப் புதிய வகைகளுக்குள் கொண்டுவர விரும்பும் இனவிருத்தியாளருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

கிருமிகளின் முறை ஏழு ஆண்டுகள் கழித்தே வந்தது. 2019இல் மூன்று தொகுதிகள் வெளியாயின. உலர்கொப்புளப் பூஞ்சையினுடையதை பிரிஸ்டல் பல்கலைக்கழகமும், ஈரக்கொப்புளப் பூஞ்சையினுடையதையும் சிலந்திவலை நோய்க்குக் காரணமான கிளாடோபோட்ரியம் புரோட்ரூசத்தினுடையதையும் சீனாவின் ஜிலின் வேளாண் பல்கலைக்கழகமும் வெளியிட்டன. ஈரக்கொப்புளப் பூஞ்சையில் சுமார் 4.4 கோடி எழுத்துகளும் 10,000 மரபணுக்களும், புரோட்ரூசத்தில் சுமார் 3.9 கோடி எழுத்துகளும் 11,000 மரபணுக்களும் இருந்தன. கைட்டினையும் குளுக்கனையும் அறுக்கும் நொதிகள், நச்சுப்பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக் கொத்துகள், வெளியே சுரக்கும் சிறு புரதங்கள் ஆகியவையே இவற்றில் முதலில் தேடப்பட்டவை.

இப்பூஞ்சைகளின் உறவுமுறையும் வியப்பூட்டுவது. ஹைப்போமைசஸ், கிளாடோபோட்ரியம், டிரைக்கோடெர்மா ஆகிய அனைத்தும் ஹைப்போக்ரியேசி என்ற ஒரே குடும்பம். இலைவெட்டி எறும்புகள் மண்ணுக்கடியில் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டங்களைத் தாக்கும் எஸ்கோவோப்சிஸும் அதே குடும்பத்தது. மனிதன் காளான் வளர்க்கத் தொடங்குவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே எறும்பின் விளைச்சலை எஸ்கோவோப்சிஸின் முன்னோர் சூறையாடியிருக்க வேண்டும். 2016இல் வெளியான அதன் தொகுதி மிகவும் சுருங்கியிருந்தது. ஒரே இரையை நம்பி வாழ்ந்ததில் தேவையற்ற மரபணுக்களை அது இழந்திருந்தது. 2011இல் இரு டிரைக்கோடெர்மா இனங்களின் தொகுதிகளை மூன்றாவதோடு ஒப்பிட்ட குபிசெக் குழு, பிற பூஞ்சைகளைத் தின்று வாழ்வதே இப்பேரினத்தின் ஆதி வாழ்முறை என்று காட்டியது. லெக்கானிசிலியம் மட்டும் பக்கத்துக் குடும்பம். அதன் நெருங்கிய உறவினர் பலர் பூச்சிகளைக் கொல்பவர்கள். பூச்சியின் மேலோட்டிலும் கைட்டின் உண்டு என்பதால் இந்த உறவு பொருந்தியே இருக்கிறது.

இவ்வளவு படித்தும் பண்ணையில் நடைமுறை பெரிதாக மாறவில்லை. சிலந்திவலை படர்ந்த இடத்தை ஈரத்தாளால் மூடி அதன் மேல் உப்பைக் கொட்டுவதே இன்றும் பலரது முதல் சிகிச்சை. தாளை மறந்து தண்ணீர் தெளித்தால் வித்துகள் அறை முழுதும் பறந்துவிடும். உலர்கொப்புளத்துக்கு முழு எதிர்ப்புள்ள வகை எதுவும் இல்லை. பிரான்சின் போர்தோ ஆய்வாளர்கள் கண்டது, பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தரும் பகுதி எதிர்ப்பை மட்டுமே. அவை அமைந்த இடங்களைக் குரோமோசோம்களில் குறித்திருக்கிறார்கள். காட்டுக் காளான் சேகரிப்புகளிலிருந்து அவற்றைச் சந்தை வகைகளுக்குள் கொண்டுசேர்க்கும் இனவிருத்தி வேலை இனி நடக்க வேண்டியது.